முந்நூறாவது பல்

சேவை செய்தே தீருவது என்று முடிவு கட்டிவிட்டவர்களிடமிருந்து தப்பிப்பது கஷ்டம். அதிலும் மலை உச்சியில் குடியிருப்பவர்களுக்கு அதற்கு மேல் ஓட இடமும் கிடையாது. அறுபத்து மூன்று வீடுகள் இருந்த அந்த ஊருக்கு உச்சிப் புன்னகை சேவை மையம் வந்து சேர்ந்தது அப்படித்தான். ஊரில் மருத்துவமனை இல்லை, மருந்துக் கடை இல்லை, செவ்வாயும் வெள்ளியும் மட்டும் ஒரு பஸ் வரும். இதையெல்லாம் கேள்விப்பட்டு மையத்தார் மிகவும் மகிழ்ந்தார்கள் என்று பின்னால் அவர்களுடைய ஆண்டறிக்கையிலேயே படித்தேன்.

அந்த ஊரில் சாலைக்காரர் என்று ஒருவர் இருந்தார். மழைக்குச் சரிந்து விழும் மண்ணை வெட்டித் தள்ளிப் பாதையைத் திறந்து வைப்பது அவர் உத்தியோகம். ஊரே அவரை அப்படித்தான் கூப்பிட்டது. அவர் மனைவி மட்டும் 'ஏங்க' என்பாள். மையம் நடத்த இருந்த மருத்துவ முகாமுக்கு இரண்டு நாள் முன்னால், சாலையின் ஒன்பதாவது கொண்டையூசி வளைவில் மலை பாதி இறங்கி உட்கார்ந்துவிட்டது. மையத்தின் வண்டிகள் வந்தாக வேண்டும் என்று மேலிடத்திலிருந்து போன் மேல் போன். சாலைக்காரர் இரண்டு நாளும் மழையில் நின்று மண்ணை அள்ளினார். அவருடைய ஆறு வயது மகளுக்கு முதல் நாள் இருமல், இரண்டாம் நாள் காய்ச்சல். வீட்டுக்கு வந்து நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு மறுபடி மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போனார். அதை நினைத்தால் இன்றைக்கும் அவருக்குத் தன் மீதே கோபம் வருகிறது.

வெள்ளிக்கிழமை காலையில் மனைவி அவரை உலுக்கி எழுப்பினாள்.

“ஏங்க, எந்திரிங்க. பாப்பாவுக்கு மூச்சு எப்படி வாங்குது பாருங்க. ஒவ்வொரு தடவையும் விலா உள்ள போய்ட்டு வருது.”

சட்டையை விலக்கிப் பார்த்தார். விலா எலும்புகளுக்கு நடுவில் தோல் குழிந்து குழிந்து எழுந்தது. மூக்கின் இரண்டு பக்கமும் விரிந்து சுருங்கின. 'பாப்பா' என்று கூப்பிட்டதற்குக் கண்ணைத் திறந்தாள், பேசவில்லை.

“பயப்படாத. இன்னைக்கு டாக்டருங்களே ஊருக்கு வர்றாங்க. நம்ம நல்ல நேரம்” என்றார்.

மையத்தார் பள்ளிக்கூடத்தில் இறங்கியிருந்தார்கள். சாலை ஊருக்குள் நுழையும் இடத்தில் மரச்சட்டத்தால் ஒரு வரவேற்பு வளைவு கட்டி, 'இனி இங்கே வலி இல்லை' என்று எழுதியிருந்தார்கள். வளைவு அழகாகத்தான் இருந்தது. உயரம் போதவில்லை. பத்தரை மணி பஸ் அதன் முன்னால் வந்து நின்று, நாலைந்து முறை ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டு, பின்வாங்கித் திரும்பி மலை இறங்கிவிட்டது. அடுத்த பஸ் செவ்வாய்க்கிழமை. நடந்து இறங்கினால் ஆறு மணி நேரம். மகளைத் தோளில் போட்டுக்கொண்டு வந்த சாலைக்காரர் அதைப் பார்த்தார். டாக்டர்கள்தான் வந்துவிட்டார்களே என்று அப்போது அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

பதிவு மேசையில் ஒரு தொண்டர் பெண் டார்ச் விளக்கோடு உட்கார்ந்திருந்தாள்.

“வாயைத் திறங்க.”

“எனக்கு ஒண்ணும் இல்லம்மா. என் பொண்ணுக்குத்தான் மூச்சு…”

“திறங்க ஐயா. எல்லாரும் திறக்கணும்.”

திறந்தார். அவள் வெளிச்சம் அடித்து எண்ணினாள். எண்ண எண்ண அவள் முகம் விழுந்தது.

“முப்பத்திரண்டும் இருக்கு. ஒரு சொத்தைகூட இல்ல. கொஞ்சம் ஒத்துழைங்க ஐயா.”

எதில் ஒத்துழைப்பது என்று அவருக்குப் புரியவில்லை. அவள் தலைக்கு மேல் தொங்கிய துணியைக் காட்டினாள். 'ஐந்நூறு பற்கள், ஐந்நூறு புன்னகைகள்' என்று இருந்தது. நகரத்தில் நடந்த பெரிய விழாவில் மையத்தின் தலைவர் ஐந்நூறு பல் பிடுங்குவதாக வாக்குக் கொடுத்திருந்தார். எட்டுப் பல் மருத்துவர்கள் வந்திருந்தார்கள். காலை பதினொரு மணிக்குள் இருநூற்று எழுபது பல் வந்துவிட்டது, அதற்கு மேல் வேகம் குறைந்துவிட்டது. ஏற்கெனவே பொக்கை வாயாக இருந்த கிழவர்களைத் தொண்டர்கள் மனத்தாங்கலோடு பார்த்துவிட்டுப் போனார்கள். முகாமுக்குச் சொல்லாமல் அத்தனை பல்லையும் தானாக விழவிட்டிருக்கிறார்கள்.

“அம்மா, குழந்தையைப் பாருங்க. மூச்சுத் திணறுது” என்றாள் சாலைக்காரர் மனைவி.

தொண்டர் குழந்தையைப் பார்த்தாள். அவசரமாக டார்ச்சை அடித்தாள். முகம் மலர்ந்தது. “முன்பல் ஆடுதே!” உடனே வாடியது. “அட, பால்பல்.”

சத்தம் கேட்டுச் செயலாளர் வந்தார். சட்டைப் பையில் மூன்று பேனா வைத்திருந்தார். எல்லோரையும் மரியாதையாக ஐயா, அம்மா என்றுதான் பேசினார். அதனாலேயே அவரிடம் கோபப்பட முடியவில்லை.

“ஐயா, மருத்துவ, பல் மருத்துவ முகாம்னு போட்டிருக்கீங்களே. மருத்துவர் எங்க?” என்றார் சாலைக்காரர்.

“வந்திருக்காரே. அதோ, மைக்கைப் பிடிச்சுட்டு நிக்கறார் பாருங்க. குரல் ரொம்ப நல்லா இருக்கும். அதனால அறிவிப்புக்கு வெச்சுக்கிட்டோம். அறிவிப்பு முடிஞ்சதும் மத்த நோயெல்லாம் பார்ப்பார்.”

“எப்ப முடியும்?”

“ஐந்நூறு ஆனதும்.”

சாலைக்காரர் அதற்கு மேல் நிற்கவில்லை. மகளைத் தூக்கிக்கொண்டு நேராக மேடை ஏறினார். அந்த இளம் டாக்டர், “இதோ, இருநூற்று எண்பத்தாறாவது பல்லை நமக்கு வழங்குபவர்…” என்று கணீரென்று சொல்லிக்கொண்டிருந்தவர், குழந்தையைப் பார்த்ததும் பாதியில் நிறுத்தினார். அவள் நெஞ்சில் கை வைத்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி மூச்சை எண்ணினார்.

“இது நிமோனியா. நிமிஷத்துக்கு அறுபது மூச்சு. ஆக்சிஜன் வேணும். உடனே கீழே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகணும்” என்றார்.

மைக் இன்னும் வாயருகிலேயே இருந்தது. நல்ல குரல் ஆகையால் ஊர் முழுக்கத் தெளிவாகக் கேட்டது. ஒவ்வோர் அறிவிப்புக்குப் பின்னும் கைதட்ட வேண்டும் என்று தொண்டர்களுக்குப் பயிற்சி கொடுத்திருந்தார்கள். அவர்கள் கைதட்டினார்கள்.

டாக்டர் மைக்கைக் கையால் பொத்திக்கொண்டார். “என்கிட்ட இங்க ஒண்ணுமே இல்லைங்க. ஸ்டெதாஸ்கோப்பைக்கூட கண்காட்சி மேசைல வெச்சுட்டாங்க. பின்னாடி நிக்கற ஆம்புலன்ஸ்ல ஆக்சிஜன் இருக்கு. செயலாளரைக் கேளுங்க. விடாதீங்க, கேளுங்க.” செயலாளர் கீழேயிருந்து விரலை ஆட்டியதும் டாக்டர் இருநூற்று எண்பத்தேழாவது பல்லுக்குப் போய்விட்டார். குரல் முன்போல் இல்லை.

ஆம்புலன்ஸ் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் புத்தம் புதிதாக நின்றது. வளைவுக்குள் நுழையும் உயரம். ஓட்டுநர் அதன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். சாலைக்காரர் கதவைத் தொட்டுக்கொண்டு நின்றார். மகளுடைய சூடு சட்டையைத் தாண்டித் தோளில் சுட்டது. செயலாளர் அவருக்காகத் தம் வேலையை எல்லாம் விட்டுவிட்டு வந்து பொறுமையாக விளக்கினார்.

“எனக்குப் புரியுது ஐயா. எனக்கும் குழந்தைங்க இருக்கு. ஆனா இந்த வண்டி, முகாமால வர்ற பாதிப்புக்கு மட்டும். நாங்க பிடுங்கின பல்லுல ரத்தம் நிக்கலைன்னா, எங்க ஊசியால மயக்கம் வந்தா, அதுக்கு. உங்க பொண்ணுக்கு வந்தது நாங்க குடுத்ததில்லையே? நாங்க உண்டாக்காத நோய்க்கு நாங்க எப்படிப் பொறுப்பு ஏத்துக்கறது? அது அடுத்தவங்க வேலையில தலையிடற மாதிரி.”

“அடுத்தவங்கன்னா யாருங்க?”

செயலாளர் உண்மையிலேயே யோசித்தார். “அது இன்னும் தெரியல. அடுத்த வருஷம் அதுக்கு ஒரு ஆய்வு வெச்சிருக்கோம்.”

சாலைக்காரர் மனைவி முன்னால் வந்தாள். அழுது முடித்திருந்தாள்.

“அப்ப எம் பொண்ணு பல்லைப் பிடுங்குங்க. ஆடிக்கிட்டுத்தான இருக்கு? பிடுங்கிட்டு வண்டியில ஏத்துங்க.”

“அம்மா, பால்பல் தானா விழும். தானா நடக்கறதை நாங்க சாதிச்சதா சொல்லிக்கறது நேர்மை இல்ல. எங்க மையத்துல எதை வேணா விட்டுக்குடுப்போம், நேர்மையை விட்டுக்குடுக்க மாட்டோம்.”

மகள் ஒருமுறை இருமினாள். இருமி முடிக்கத் தெம்பில்லாமல் பாதியில் விட்டுவிட்டாள். சாலைக்காரருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வாய்க்குள் நாக்கு மட்டும் தானாகப் பற்களைத் தடவிக்கொண்டு போனது. அவர் ஒன்றும் பெரிய தியாகம் என்று நினைத்துச் சொல்லவில்லை, பயத்தில்தான் சொன்னார்.

“என்னோடது நிலையான பல்லுங்க.”

“உங்களுக்குத்தான் சொத்தையே இல்லையே ஐயா.”

“கணக்குல வருமா, வராதா?”

செயலாளர் கையேட்டைப் புரட்டினார். பல் நிலையானதாக இருக்க வேண்டும் என்று இருந்தது. கெட்டதாக இருக்க வேண்டும் என்று எங்கும் இல்லை. அவர் முகம் காலையிலிருந்து அப்படி மலர்ந்ததில்லை.

“உங்களை மாதிரி ஊருக்கு நாலு பேர் இருந்தா நாடு எங்கேயோ போயிடும் ஐயா!”

“எனக்கு ரத்தம் நிக்கலைன்னா வண்டியில என்கூட ஒருத்தர் வரலாம்ல?”

“தாராளமா. உடன் செல்பவர் ஒருவர். அது மனிதாபிமானம். ஒண்ணே ஒண்ணு, நீங்க முந்நூறாவது ஆளா வாங்க. தலைவர் முந்நூறாவது பல்லோட படம் எடுத்துக்கணும்னு காத்துட்டிருக்கார். முன்பல்லா இருக்கட்டும். உள்ளுக்குள்ள பிடுங்கினா படத்துல எங்க தெரியுது?”

அப்போது கரும்பலகையில் இருநூற்றுத் தொண்ணூற்று மூன்று என்று எழுதியிருந்தது. இன்னும் ஆறு பல். சாலைக்காரர் வகுப்பறைக்குள் போய், வரிசையில் யாரும் இல்லாததைப் பார்த்து அப்படியே உட்கார்ந்துவிட்டார். மகளின் உதடு லேசாக நீலம் பாரித்திருந்தது. மனைவி அதைத் தன் விரலால் தேய்த்துப் பார்த்தாள், அழுக்காக இருக்குமோ என்று. அது போகவில்லை.

விஷயம் வாசலுக்குப் போனது. முதலில் பக்கத்து வீட்டுத் தச்சர் உள்ளே வந்தார். காலையில் டார்ச்சைப் பார்த்து மரத்தூள் மூட்டைக்குப் பின்னால் ஒளிந்திருந்தவர் அவர்.

“எனக்கு ரெண்டு எடுங்க” என்று நாற்காலியில் ஏறினார். “மரத்துப்போற ஊசி போட்டாச் சீக்கிரம் மரத்துடுமா?”

“பத்து நிமிஷம் ஆகும்” என்றாள் பல் டாக்டரம்மா.

தச்சர் குழந்தையைப் பார்த்தார். “அப்ப ஊசி வேணாம்.”

அவருக்குப் பின்னால் தச்சரின் மாமியார், பால்காரர், பால்காரரின் தங்கை என்று வந்தார்கள். வகுப்பறையில் கேட்ட சத்தத்தை நான் எழுத விரும்பவில்லை. பால்காரரும் இரண்டு கொடுத்தார். வெளியே டாக்டரின் நல்ல குரல் ஒவ்வொரு எண்ணாகச் சொல்லிக்கொண்டிருந்தது. முன்னைவிட வேகமாகச் சொன்னது. இருநூற்றுத் தொண்ணூற்றொன்பது என்றபோது தலைவர் உள்ளே வந்து, நாற்காலிக்குப் பக்கத்தில் நின்று தலைமுடியைச் சரிசெய்துகொண்டார்.

“இந்த மக்களோட முகத்தைப் பாருங்க” என்றார் தலைவர், படம் எடுப்பவரிடம். “சொல்லிக்குடுக்காமலே ஓடி வந்து குடுக்கறாங்க. இந்த விழிப்புணர்வுக்குத்தான் நாம இவ்வளவு தூரம் மலை ஏறி வந்தோம்.”

பல் டாக்டரம்மா சாலைக்காரர் வாயைப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னாள். “அண்ணே, இது நல்ல பல். இன்னும் நாப்பது வருஷம் வரும். என்னால…”

“பிடுங்கும்மா. அவ உதட்டைப் பாரு.”

அவள் பார்த்தாள். பிறகு பிடுங்கினாள். சாலைக்காரர் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்திருந்தார், கண்ணை மகளை விட்டு எடுக்கவில்லை. நல்ல பல் என்பதால் சுலபத்தில் வரவில்லை. வந்ததும் தலைவர் அதை வாங்கி உயர்த்திப் பிடித்தார். படம் எடுப்பவர், “சிரிங்க ஐயா” என்றார். சாலைக்காரர் சிரித்தார். சொன்னதை எல்லாம் செய்யும் நிலையில் இருந்தார்.

பல் டாக்டரம்மா பஞ்சை வைக்கக் குனிந்தவள், அவர் காதோடு சொன்னாள். “கடிக்காதீங்க. எல்லாருக்கும் கடிங்கன்னுதான் சொல்வோம், நீங்க கடிக்காதீங்க. உறிஞ்சித் துப்பிக்கிட்டே இருங்க. ரத்தம் நின்னா வண்டி கிடையாது.”

அவர் துப்பினார். உடம்பு திடகாத்திரமான உடம்பு, ரத்தம் நிற்கத்தான் பார்த்தது. வாழ்க்கையில் முதல் தடவையாகத் தன் ஆரோக்கியத்தை நினைத்துப் பயந்தார். நாக்கால் புண்ணைக் குத்திக் குத்தித் துப்பினார். செயலாளர் கையில் படிவத்தோடு கிண்ணத்தை எட்டிப் பார்த்தபடி நின்றார். கால் மணி நேரம் கழித்துத் திருப்தியாகத் தலையை ஆட்டினார்.

“நிக்கல. இது நம்மால வந்ததுதான். உடன் செல்பவர்?”

சாலைக்காரர் மகளைக் காட்டினார்.

செயலாளர் படிவத்தை இரண்டு முறை படித்தார். உடன் செல்பவரின் வயது என்று ஒரு கட்டம் போட யாருக்கும் தோன்றியிருக்கவில்லை. இல்லாத கட்டத்தை நிரப்பச் சொல்ல முடியாது. 'நோயாளியை நான் பொறுப்பாகக் கவனித்துக்கொள்கிறேன்' என்ற வரிக்குக் கீழே, அரை நினைவில் இருந்த குழந்தையின் கட்டைவிரலை மையில் தோய்த்து வைத்தார்கள்.

“நான் வரலையாங்க?” என்றாள் மனைவி.

“ஒருத்தர்தான்” என்றார் செயலாளர், வருத்தத்தோடு.

சாலைக்காரர் அவளிடம் ஏதோ சொல்லப் பார்த்தார். வாயில் ரத்தம். அவள் தன் மேல்துண்டை எடுத்து மகளைச் சுற்றிவிட்டு, “போங்க, போங்க” என்று அவரைத் தள்ளினாள்.

நோயாளி படுத்திருக்க வேண்டும், உடன் செல்பவர் பக்கத்துப் பலகையில் உட்கார வேண்டும் என்பது விதி. செயலாளர் வரவேற்பு வளைவு வரை கூடவே நடந்து வந்தார். அதனால் சாலைக்காரர் படுக்கையில் படுத்திருந்தார். மகள் பலகையில் சாய்ந்து, துண்டுக்குள் விலா துள்ள உட்கார்ந்திருந்தாள். அவர் எட்டிப் பிடித்திருந்த அவள் கை சில்லிட்டிருந்தது. அவர் மூச்சுகளை எண்ணினார். ஒரு மூச்சுக்கும் அடுத்ததற்கும் நடுவில் கொஞ்சம் நேரமானாலும் செத்துப் பிழைத்தார். வளைவு தாண்ட எவ்வளவு நேரம் ஆகியிருக்கும், இரண்டு நிமிஷம். தன் ஆயுளில் பாதி அதில் போனது என்று அவர் சொல்வார், நான் மறுத்துப் பேசியதில்லை.

ஒன்பதாவது கொண்டையூசி வளைவில் ஓட்டுநர் வண்டியை நிறுத்திப் பின்னால் ஓடி வந்தார். “எந்திரிங்க அண்ணே, பாப்பாவைப் படுக்க வைங்க.” ஆக்சிஜன் முகமூடியை அவரே மாட்டினார். அது பெரியவர்களுக்கானது. மகளின் முகம் முழுவதையும் மூடியது. சாலைக்காரர் அதை வழி முழுக்கக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

கீழே ஆஸ்பத்திரியில் நர்ஸ் படிவத்தை வாங்கிப் படித்தாள். படுத்திருந்தவளைப் பார்த்தாள், ரத்தம் வழிய நின்றவரைப் பார்த்தாள்.

“யாருங்க நோயாளி?”

அவரால் பேச முடியவில்லை. மகளைக் காட்டினார். நர்ஸ் படிவத்தைக் குப்பைக் கூடையில் போட்டுவிட்டுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள்.

ஒன்பது நாள் இருந்தார்கள். பாப்பா பிழைத்தாள். ஆறாவது நாள் அவளுடைய ஆடிய பல் தானாக விழுந்தது. அப்பாவுக்கும் மகளுக்கும் ஒரே இடத்தில் ஓட்டை. மையத்தின் ஆண்டறிக்கையில் சாலைக்காரர் அட்டைப் படத்தில் சிரித்தார். உள்ளே ஒரு வரி இருந்தது. 'ஒரே ஓர் அவசர நோயாளியும் உரிய நேரத்தில் கீழே கொண்டு செல்லப்பட்டுக் காப்பாற்றப்பட்டார். உடன் சென்ற உறவினருக்கும் லேசான காய்ச்சல் இருந்ததாகத் தெரிகிறது.'

அந்த ஆண்டு ஐந்நூறு நிறையவில்லை, முந்நூற்றுப் பதினொன்றோடு நின்றது. அதனால் மறு ஆண்டுக்கு எழுநூறு என்று வைத்தார்கள். ஊரும் பாடம் கற்றிருந்தது. முன்பெல்லாம் பல் ஆடினால் கதவிடுக்கில் நூலைக் கட்டி இழுத்து எறிந்தவர்கள், இப்போது கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காப்பாற்றினார்கள். தச்சர் மாமியாருக்கு நெஞ்சு வலி வந்துகொண்டிருந்தது, அவளுக்கு மிச்சம் இருந்தது மூன்றே பல். தச்சர் தன்னுடையதில் ஒன்றை அவளுக்கென்று ஒதுக்கியிருந்தார். யாராவது இருமினால் அந்த வீட்டில் எல்லோருக்கும் நாக்கு தானாகப் பல் வரிசைக்குப் போயிற்று.

இந்த முறை மண்சரிவு இல்லை. முகாமன்று காலையில் சாலைக்காரர் வளைவுக்குப் பக்கத்தில் மண்வெட்டியோடு நின்று, பஸ் வந்து திரும்பிப் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பாப்பா ஓடி வந்து அவர் வேட்டியைப் பிடித்து இழுத்தாள்.

“அப்பா, பாருங்க, முழுசா வந்துடுச்சு.” உதட்டை மடித்துக் காட்டினாள். முன்னால் புதுப் பல், ஓரமெல்லாம் சிறு வரி வரியாக. “இது பால்பல் இல்லைல்லப்பா?”

“இல்ல பாப்பா. இது நிலையான பல்.”

“அப்ப கணக்குல வரும்ல?”

“எதுக்குக் கேக்கற?”

“உங்களுக்கு மூச்சு வாங்கினா நான் குடுக்கலாம்ல. நீங்க எனக்குக் குடுத்த மாதிரி. அப்புறம் நான் படுத்துக்கறேன், நீங்க கூட வரணும்.”

சாலைக்காரர் மண்வெட்டியைக் கீழே போட்டார். பள்ளிக்கூடத்துப் பக்கமிருந்து டார்ச் விளக்கோடு இரண்டு தொண்டர்கள் வந்துகொண்டிருந்தார்கள். அவர் உள்ளங்கையால் மகளின் வாயைப் பொத்தி, தன் பக்கமாகத் திருப்பிக்கொண்டார்.

“வாயை மூடிக்கோ பாப்பா” என்றார். “அவங்க போற வரைக்கும் திறக்காத.”